ஒரு நாளைக்கு 15 நிமிடம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் படத்தின் பெயர் ‘ரைடிங் வித் டெத்’. 1976-இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘ஜெமினி மேன்’ என்ற தொலைக்காட்சித் தொடரிலிருந்து வெட்டி ஒட்டி உருவாக்கிய படம். பார்த்தவர்கள் இங்கே மிகச் சிலராகத்தான் இருப்பீர்கள். பார்த்தவர்களும் ‘மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000’ நிகழ்ச்சியின் வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள். திரையில் ஒரு மோசமான படத்தை ஓடவிட்டு, ஒரு மனிதனும் இரண்டு பொம்மை ரோபோக்களும் முன்வரிசையில் உட்கார்ந்து கிண்டலடித்துக்கொண்டே பார்க்கும் நிகழ்ச்சி அது. 1988-இல் மினியாபொலிஸ் நகரத்து உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றில் தொடங்கியது. 1997-இல் இந்தப் படம் அவர்கள் கையில் சிக்கியது. இன்று இதற்கு இருக்கும் பெயரெல்லாம் அந்தக் கிண்டலால் வந்ததுதான்.

படம் மோசம்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. எதனால் மோசம் என்ற கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. “கையில் காசில்லை, அதனால் இந்த லட்சணம்” என்கிறார்கள். காசு குறைவுதான். அந்தக் குறைவிலிருந்தே ஓர் அருமையான கதைக்கரு பிறந்தது. அந்தக் கருவைக் கடைசிவரை காப்பாற்றாமல் விட்டதுதான் படத்தைக் கெடுத்தது என்பது என் வாதம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாம் கேஸி, ‘இன்டர்செக்ட்’ என்ற ரகசிய அமைப்பின் உளவாளி. கடலுக்கடியில் நடந்த ஒரு வெடிவிபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளாகிறான். அவன் உடம்பு யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடுகிறது. ஆபி லாரன்ஸ் என்ற பெண் விஞ்ஞானியின் குழு அவன் மணிக்கட்டில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிடுகிறது. அவன் உடம்பின் மரபணுவை நிலைப்படுத்தி, மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி அவனை வைத்திருப்பது அந்தக் கடிகாரம்தான். பொத்தானை அழுத்தினால் மறைவான், மறுபடி அழுத்தினால் தெரிவான். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒரு நாளைக்கு 15 நிமிடம் மட்டுமே மறைந்திருக்கலாம். அதற்கு மேல் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை.

இந்த நிபந்தனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு முன் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

கண்ணுக்குத் தெரியாத மனிதன் என்றால் எச். ஜி. வெல்ஸிடம்தான் போயாக வேண்டும். 1897-இல் வந்த நாவல். மாயக் குளிகையும் மந்திர மோதிரமும் எல்லா நாட்டுக் கதைகளிலும் உண்டு. மறைந்து போனவனுக்கு என்னென்ன தொல்லை வரும் என்று உட்கார்ந்து யோசித்தவர் வெல்ஸ். உடம்புதான் மறையும், உடுப்பு மறையாது. ஆகவே நாவலின் நாயகன் கிரிஃபின் கொட்டும் குளிரில் அம்மணமாக நடக்கிறான். சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டும்வரை வெளியே தெரியும். லண்டன் தெருவில் அவனுடைய சேற்றுக்கால் தடம் பதிகிறது, பையன்கள் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார்கள். நாய்கள் மோப்பம் பிடிக்கின்றன. அவன் பெற்ற ஆற்றல் ஒன்று, அதற்கு முளைத்த இடையூறு நூறு. அந்த இடையூறுகளால்தான் நூறு வருஷம் கழித்தும் அந்த நாவலைக் கீழே வைக்க முடியவில்லை. ரஷ்ய அறிவியல் எழுத்தாளர் யாகோவ் பெரெல்மான், வெல்ஸ் விட்டுவிட்ட பெரிய இடையூறு ஒன்றைப் பின்னாளில் எடுத்துக் காட்டினார். ஒளி தடையில்லாமல் ஊடுருவிப் போகும் கண்ணில் எந்தப் பிம்பமும் விழாது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத மனிதன் முழுக் குருடனாகத்தான் இருப்பான். அதை யாராவது கதையாக எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஓர் ஆசை.

அடுத்தது 1933. யூனிவர்சல் நிறுவனம் ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் இந்த நாவலைப் படமாக எடுத்தது. நாயகன் கிளாட் ரெயின்ஸ். தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பு ஜான் ஃபுல்டன். இவர் செய்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கணினி இல்லாத காலம். ஓர் அரங்கம் முழுவதையும் கறுப்பு வெல்வெட்டால் மூடினார்கள். நடிகருக்குத் தலையிலிருந்து கால்வரை கறுப்பு வெல்வெட் உறை. அந்த உறைக்கு மேலே சட்டை, கால்சட்டை. இப்படி நிறுத்திப் படம் பிடித்தால் கறுப்புக்குள் கறுப்பு கரைந்துவிடும், சட்டை மட்டும் தனியாக அசையும். அறை, நாற்காலி, மற்ற நடிகர்கள் எல்லாம் வேறொரு சுருளில். இரண்டையும் ஒரே சுருளில் சேர்த்து அச்சிடும்போது ஒன்றின் மேல் ஒன்று படியாமல் இருக்க, அந்தச் சட்டையின் வடிவத்திலேயே மறைப்புச் சுருள்கள் தயாரிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு வெல்வெட் உறையில் கண்ணுக்காக விட்ட ஓட்டை தெரியும், ஓரம் பிசிறடிக்கும். அதையெல்லாம் ஒவ்வொரு சட்டகமாக எடுத்துத் தூரிகையால் திருத்தினார்கள். ஒரு நொடிக்கு 24 சட்டகம். திருத்தியவை ஆயிரக்கணக்கில்.

விடுதி அறையில் கிரிஃபின் பொய்மூக்கைக் கழற்றி எறிந்து, தலையில் சுற்றிய கட்டை அவிழ்க்கும் காட்சியை இன்று போட்டுப் பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. கட்டு ஒவ்வொரு சுற்றாகப் பிரியப் பிரிய உள்ளே வெறும் காற்று. ரெயின்ஸின் முகத்தை நாம் பார்ப்பதே படம் முடியும் தறுவாயில், சாகும்போது, சில நொடிகள்தான். அதே படத்தில் பனியில் விழும் காலடித் தடத்தில் ஒரு பிழையும் இருக்கிறது. அம்மணமாக ஓடுபவன் வெறுங்கால் தடம் பதிக்க வேண்டும், படத்தில் செருப்புத் தடம் பதிகிறது. விதிகளில் அத்தனை கவனமாக இருந்த படம் என்பதால்தான் இந்த ஒரு சறுக்கலை ரசிகர்கள் இன்றும் பிரியத்தோடு எடுத்துச் சொல்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத மனிதனை உளவாளியாக்கியதும் யூனிவர்சல்தான். 1942-இல் வந்த ‘இன்விசிபிள் ஏஜென்ட்’. திரைக்கதை கர்ட் சியோட்மாக். நாஜிகளிடமிருந்து தப்பித்து ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத எழுத்தாளர் அவர். கிரிஃபினின் பேரன் தாத்தாவின் மருந்தை நேச நாடுகளுக்காகப் போட்டுக்கொண்டு, பாராசூட்டில் ஜெர்மனிக்குள் இறங்குகிறான். இறங்கும்போதே காற்றில் ஒவ்வொரு துணியாகக் கழற்றி விடுகிறான். போர்க்காலப் பிரசாரப் படம், அவசரமான படம். ஆனாலும் துணியைக் கழற்ற வேண்டும் என்ற வெல்ஸின் விதியை அவர்கள் மறக்கவில்லை. சிறப்புக் காட்சிகளுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

இனி எழுபதுகளுக்கு வருவோம். 1975-இல் யூனிவர்சல் கண்ணுக்குத் தெரியாத மனிதனையே என்பிசி தொலைக்காட்சிக்குத் தொடராக எடுத்தது. நாயகன் டேவிட் மெக்கல்லம். அந்தக் கதையில் விஞ்ஞானி நிரந்தரமாகவே மறைந்துவிடுகிறான். மற்றவர் முன்னால் வரவேண்டுமென்றால் தன் முகத்தைப் போலவே செய்த ரப்பர் முகமூடியை மாட்டிக்கொள்கிறான். அவன் முகமூடியைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் நீலத்திரை வேலை, கூடுதல் செலவு. வாரம் ஒன்று கொடுக்க வேண்டிய தொலைக்காட்சியில் அது கட்டுப்படியாகாது. சில மாதங்களில் தொடர் நின்றது.

அந்த இடத்தில்தான் அடுத்த ஆண்டு ‘ஜெமினி மேன்’ வந்தது. நிர்வாகத் தயாரிப்பாளர் ஹார்வ் பென்னெட். ‘சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்’ தொடரை வெற்றிகரமாக நடத்திக்கொண்டிருந்தவர். உருவாக்கத்தில் இன்னொரு முக்கியக் கை லெஸ்லி ஸ்டீவன்ஸ், 1963-இல் ‘தி அவுட்டர் லிமிட்ஸ்’ தொடரைத் தொடங்கியவர். இவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல. முந்தைய தொடரின் கணக்குப் புத்தகம் அவர்கள் கண்ணெதிரே இருந்தது. நிரந்தரமாக மறைந்த நாயகன் வேண்டாம். எந்நேரமும் கண்ணுக்குத் தெரிகிற, அவ்வப்போது மட்டும் மறைகிற நாயகன் போதும். மறையும்போது உடுப்பும் சேர்ந்தே மறையட்டும். இப்படி மாற்றினால் தந்திரக் காட்சிகள் வாரத்துக்குச் சில நிமிடம்தான் தேவைப்படும். சம்பளம் கொடுத்துப் பிடித்த நட்சத்திரத்தின் முகமும் மீதி நேரமெல்லாம் திரையில் இருக்கும்.

அந்த 15 நிமிடக் கெடு இந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது என்பது என் கணிப்பு. எப்படி வந்திருந்தாலும், கதை எழுதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய வரம் கிடையாது. யோசித்துப் பாருங்கள். எதிரியின் கோட்டைக்குள் ஓர் உளவாளி நிற்கிறான். காலையிலேயே 9 நிமிடத்தைச் செலவழித்துவிட்டான். கையில் இருப்பது 6. உள்ளே போக மூன்று, தேட இரண்டு, வெளியே வர ஒன்று. நடுவில் ஒரு காவலாளி வந்து கதவருகே நின்று சிகரெட் பற்றவைத்தால் போதும், பார்க்கிறவன் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான். அந்தக் காட்சிக்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு மணிக்கட்டு, ஒரு கடிகாரம், வியர்க்கும் ஒரு முகம். அவ்வளவுதான்.

கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்ததும் காலமறிந்து செய்த வேலை. மின்னணு எண்கள் ஒளிரும் முதல் கைக்கடிகாரமான பல்சர் 1972-இல் விற்பனைக்கு வந்தது. தங்க உறையோடு வந்த அதன் விலை 2,100 டாலர். 1976-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 20 டாலருக்கு பிளாஸ்டிக் கடிகாரம் கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தினால் சிவப்பாக எண்கள் தோன்றும் அந்த அதிசயம் நான்கே வருஷத்தில் பள்ளிப் பிள்ளையின் கைக்கு வந்தது. மணிக்கட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஏதோ நடக்கும் என்று அந்த வருஷம் அமெரிக்கா முழுவதும் நம்பத் தயாராக இருந்தது.

இத்தனை இருந்தும் தொடர் விழுந்தது. வியாழக்கிழமை இரவு 8 மணிக்கு அதைப் போட்டார்கள். அந்த நேரத்தில் சிபிஎஸ்ஸில் ‘தி வால்டன்ஸ்’, ஏபிசியில் ‘வெல்கம் பேக், கோட்டர்’. இரண்டுமே வீட்டோடு உட்கார்ந்து பார்க்கும் தொடர்கள். செப்டம்பரில் தொடங்கி அக்டோபரிலேயே நிறுத்திவிட்டார்கள். எடுத்த அத்தியாயங்கள் 11, அமெரிக்காவில் ஒளிபரப்பானவை 5.

இனி அந்தச் சுருள்களை என்ன செய்வது? அமெரிக்கத் தொலைக்காட்சி வணிகத்தில் ஒரு தொடரை மறு ஒளிபரப்புக்கு உள்ளூர் நிலையங்களிடம் விற்க வேண்டுமென்றால் நூறு அத்தியாயம் அளவுக்குக் கையில் இருப்பு வேண்டும். பதினோரு அத்தியாயத்தை வாங்க ஆளில்லை. ஆனால் இரண்டு அத்தியாயத்தைச் சேர்த்து ‘படம்’ என்று பெயர் வைத்தால் இரவுநேரப் படத்துக்கான இடத்தில் விற்றுவிடலாம். இதை எல்லா ஸ்டூடியோக்களும் செய்தன. 1974-இல் நின்றுபோன ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ தொடரையும் இப்படித்தான் ஐந்து படங்களாகக் கட்டி விற்றார்கள். ‘ரைடிங் வித் டெத்’ அப்படிப் பிறந்தது. ‘ஸ்மிதரீன்ஸ்’, ‘பஃபலோ பில் ரைட்ஸ் அகெய்ன்’ என்ற இரண்டு அத்தியாயங்களைச் சேர்த்த படம்.

முதல் பாதியில் டாக்டர் ஹேல் என்ற விஞ்ஞானி எரிபொருளில் கலக்கும் ஒரு ரசாயனத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார். இந்தக் கதையை அந்தக் காலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அமெரிக்கர்கள் பெட்ரோல் பங்க் வாசலில் வரிசையில் நின்றார்கள். 1974-இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்று வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். லாரி ஓட்டுநர்கள் போலீஸ் எங்கே நிற்கிறது என்று சிபி ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 1976 ஜனவரியில் அந்த லாரிக்காரர்களைப் பற்றிய ‘கான்வாய்’ என்ற பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரு சொட்டு ரசாயனம் நாட்டையே காப்பாற்றும் என்று நம்ப ஏங்கிய மக்களிடம், அந்த நம்பிக்கையை வைத்தே அரசாங்கத்தை ஏமாற்றும் ஒரு மோசடிக்காரரின் கதையைச் சொல்கிறார்கள். அந்தச் சரக்கு பயங்கரமாக வெடிக்கக்கூடியது. அதை ஏற்றிய லாரியை ஓட்டுபவன் சாம் கேஸி. ஹேலாக நடித்தவர் ஆலன் ஓப்பன்ஹைமர், பிறகு ‘ஹீ-மேன்’ கார்ட்டூனில் ஸ்கெலட்டருக்குக் குரல் கொடுத்தவர். வழியில் சாமுக்குக் கிடைக்கும் நண்பன் பஃபலோ பில். அந்த வேடத்தில் நாட்டுப்புறப் பாடகர் ஜிம் ஸ்டாஃபர்ட். நல்ல கலகலப்பான மனிதர்.

இரண்டாம் பாதியில் லாரி போய்விட்டது, பந்தயக் கார்கள் வந்துவிட்டன. அதே பஃபலோ பில் இப்போது பந்தய மைதானத்தில் இருக்கிறார். வில்லன் வேறு, சதி வேறு. முதல் பாதியின் பாதிச் சுமையைச் சுமந்த ஆபி லாரன்ஸ் ஏறக்குறைய காணாமலே போகிறார். இரண்டையும் ஒரே கதையாக்கப் பின்னால் சேர்த்த வசனங்கள், வாயசைவு தெரியாத இடங்களாகப் பார்த்து ஒட்டியவை. வெள்ளை வேட்டியின் நடுவே பட்டுச் சேலைத் துண்டை வைத்துத் தைத்த மாதிரி அந்தத் தையல் பல்லை இளிக்கிறது.

ஒட்டு தெரிவதுகூடப் பெரிய குற்றமில்லை. என் மனதை அறுப்பது வேறு. இந்த ஒன்றரை மணி நேரத்தில் சாம் மறையும் நேரம் மிகக் கொஞ்சம். மறைந்தாலும் அந்த ஆற்றல் கதையின் முடிச்சை அவிழ்ப்பதில்லை. லாரிப் பயணத்தையும் கார்ப் பந்தயத்தையும் ஒரு சாதாரண ஓட்டுநரை வைத்தே எடுத்திருக்கலாம். 15 நிமிடக் கெடு கதையின் கழுத்தை நெரிக்க வேண்டிய இடங்களில் எங்கேயோ ஒதுங்கி நிற்கிறது. மேலதிகாரி டிரிஸ்காலாக வரும் வில்லியம் சில்வெஸ்டரைப் பாருங்கள். குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யில் நிலவுக்குப் போன ஹேவுட் ஃபிளாய்ட் அவர்தான். எட்டு வருஷம் கழித்து உத்தரவு போடும் அதிகாரியாக இங்கே வருகிறார். முகத்தில் கொஞ்சமும் அலட்சியம் இல்லை, கொடுத்த வரியை முழு மரியாதையோடு பேசுகிறார். நடித்தவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. கடிகாரத்தைத்தான் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். விதியை விடாமல் பிடித்துக்கொண்ட மறையும் உளவாளி எங்காவது இருக்கிறானா? இருக்கிறான். இந்த அரங்கில் பலர் அவனோடுதான் வளர்ந்தீர்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்தவன், இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962-இல் ‘வேலியன்ட்’ வார இதழில் ‘தி ஸ்டீல் கிளா’ என்று தொடங்கிய கதை. பெரும்பகுதியை வரைந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வுக்கூட உதவியாளன் விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் முழு உடம்பும் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் மறையாது. முதலில் வில்லனாக இருந்தவன், பிறகு நிழல் படையின் உளவாளியாகிறான்.

அந்த விதியின் அழகைப் பாருங்கள். மறைவதற்கு மின்சாரம் வேண்டும், ஆகவே கட்டிப்போட்ட அறையில் அவன் கண் முதலில் பிளக் பாயின்ட்டைத் தேடும். மறைந்தாலும் கை காட்டிக்கொடுக்கும், ஆகவே மேசைக்கடியிலோ திரைக்குப் பின்னாலோ அந்த ஒன்றை ஒளிக்க வேண்டும். ஏறிய மின்சாரம் தீரத்தீர உடம்பு தெரிய ஆரம்பிக்கும், எப்போது என்பதுதான் பக்கத்தைப் புரட்ட வைக்கும் பதற்றம். அந்தரத்தில் மிதந்து வரும் ஒரு கை, சுவரோடு ஒட்டி அலறும் ஒரு கொள்ளைக்காரன், மீதியெல்லாம் வெற்றுக் காகிதம். ஃபுல்டன் ஆயிரக்கணக்கான சட்டகங்களில் தூரிகை வைத்துச் சாதித்ததைப் பிளாஸ்கோ வரையாமல் விட்டே சாதித்தார். காமிக்ஸில் மறைவதற்குச் செலவே கிடையாது. செலவில்லாத இடத்திலும் விதியை அவர்கள் தளர்த்தவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். இந்தியில் 1987-இல் வந்த ‘மிஸ்டர் இந்தியா’வும், 1989-இல் அதையே தமிழில் எடுத்த பாக்யராஜின் ‘என் ரத்தத்தின் ரத்தமே’யும் இதே வழியில் வந்தவை. மணிக்கட்டுக் கருவி மறைக்கும், சிவப்பு வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். வில்லன் கையில் ஒரு சிவப்பு விளக்கு கிடைத்தால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

காசில்லாமல் நல்ல படம் எடுக்க முடியாது என்று இன்னும் யாராவது சொன்னால், அவர்களுக்கு ஹார்வ் பென்னெட்டையே காட்டுவேன். ‘ஜெமினி மேன்’ விழுந்து சில வருஷத்தில் பாரமவுன்ட் நிறுவனம் அவரைக் கூப்பிட்டது. 1979-இல் வந்த முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ படத்துக்கு 4 கோடி டாலருக்கும் மேல் செலவாகியிருந்தது. இரண்டாவது படத்தை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக எடுத்துத் தர வேண்டும். பென்னெட் பழைய தொலைக்காட்சித் தொடரின் எல்லா அத்தியாயங்களையும் உட்கார்ந்து பார்த்தார். அவற்றிலிருந்து ஒரு வில்லனைப் பொறுக்கினார். முதல் படத்தின் விண்கலக் காட்சிகள் சிலவற்றை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினார். 1982-இல் ‘தி ராத் ஆஃப் கான்’ வந்தது. அந்த வரிசையிலேயே சிறந்த படம் என்று இன்றும் பெரும்பாலானோர் சொல்வது அதைத்தான்.

அதன் கடைசிப் போரை நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டு கப்பல்களும் ஒரு வண்ணப் புகைமண்டலத்துக்குள் நுழைகின்றன. உள்ளே போனால் கருவிகள் வேலை செய்யாது, பாதுகாப்புக் கவசமும் நிற்காது. யார் கண்ணுக்கும் யாரும் தெரியமாட்டார்கள். நுழைவதற்கு முன்பே அந்த விதியை ஒரு வசனத்தில் நமக்குச் சொல்லிவிடுகிறார்கள், சொன்னதைக் கடைசி நொடிவரை மீறுவதில்லை. முட்டிக்கொள்ளும் தூரத்தில் ஒரு கப்பல் இன்னொன்றைக் கடந்து போகிறது, உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமலே. 1976-இல் சாம் கேஸியின் மணிக்கட்டில் கட்டி வீணாகப் போனதை பென்னெட் இங்கே முழுசாகப் பயன்படுத்தியிருக்கிறார்.

அந்தக் காட்சியையும், 1933 படத்தில் கட்டு அவிழ்க்கும் காட்சியையும் இப்போது அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுகிறேன். அதன்பிறகு உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.